காற்று ஒழுகும் ரைபிளும் கருகிய பம்பும்: உயர் அழுத்த ஏர் ரைபிளில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

பத்து மீட்டர் போட்டிக்குப் பயன்படும் பிசிபி வகை (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பி வைக்கும் வகை) ஏர் ரைபிள்களும் பிஸ்டல்களும் பெரும்பாலும் 200 பார் அழுத்தக் காற்றில், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் இயங்குகின்றன. அவற்றை நிரப்பப் பயன்படும் பெரிய சிலிண்டர்களில் 200 அல்லது 300 பார் இருக்கும். இந்தக் கருவிகள் எங்கள் கிளப்பின் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும்போது, பாதிக்கு மேற்பட்டவற்றில் மூலப் பழுது மிகச் சிறியதாகவே இருக்கும். அதைச் சரிசெய்ய வீட்டில் யாரோ விட்ட எண்ணெய்தான் பெரிய பழுதாக மாறியிருக்கும். ஆகவே இந்த வழிமுறையை உதிரிப்பாக வாரியாக எழுதாமல், கையில் துப்பாக்கியோ பம்போ வைத்திருப்பவர் கண்ணாலும் காதாலும் மூக்காலும் முதலில் உணர்வது எதுவோ, அந்த அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் மனத்தில் வைக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. துப்பாக்கியின் ஒவ்வொரு பாகமும் காற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது அல்லது வெளிப்பக்கத்தைச் சேர்ந்தது. சிலிண்டர், நிரப்பும் வாய், அழுத்தம் காட்டும் கேஜ், அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர், வால்வு, பம்பின் உட்குழாய் ஆகிய அழுத்தக் காற்று தொடும் இடங்கள் எல்லாம் காற்றுப் பக்கம். வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமர், டிரிகர், குண்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் வெளித்தண்டு, பேரலின் வெளிப்புறம் ஆகியவை வெளிப்பக்கம். வெளிப்பக்கத்தில் சாதாரண துப்பாக்கி எண்ணெய் தவறில்லை. காற்றுப் பக்கத்தில் பெட்ரோலியம் சார்ந்த எதுவும் ஒரு துளி கூடச் சேரக் கூடாது. தையல் மிஷின் எண்ணெய், என்ஜின் ஆயில், வாசலின், டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே, மண்ணெண்ணெய் தொட்ட துணி என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சமையல் எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இதே விதிதான்.

காரணம் எளிய கணக்கில் தெரியும். காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். 200 பார் அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் 42 பார் ஆகிறது. அதாவது நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைப்போல் 200 மடங்கு நெருக்கமாக ஆக்சிஜன் அங்கே அடைந்து கிடக்கிறது. மறுபுறம், காற்றைச் சட்டென்று அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றை ஒரே மூச்சில், வெப்பம் வெளியேற நேரமே தராமல், 200 பாருக்கு அமுக்கினால், கணக்குப்படி அதன் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். டீசல் என்ஜின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் எரிவது இதே முறையில்தான். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் என்ற மூன்றில் பின்னிரண்டும் இந்தக் கருவிக்குள் எப்போதும் இருக்கின்றன. நம் கையில் இருப்பது, எரிபொருளை உள்ளே விடாமல் இருப்பதும், மெதுவாக நிரப்புவதும் மட்டுமே.

கை வைக்கும் முன்

பேரலில் பெல்லட் (குண்டு) இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில், குண்டு தாங்கும் பின்சுவரை நோக்கி வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். கழற்றக்கூடிய சிலிண்டராக இருந்தால் அதைக் கழற்றி, தயாரிப்பாளர் கொடுத்த காற்றிறக்கும் கருவியால் மெதுவாகக் காற்றை இறக்குங்கள். சிலிண்டரைக் கழற்றிய பிறகும் ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள அறையில் காற்று மிஞ்சியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெல்லட் இல்லாமல் இரண்டு மூன்று முறை சுட்டு, சத்தம் முற்றிலும் அடங்கிய பிறகே ஸ்குரூவைத் தொட வேண்டும். அழுத்தம் இருக்கும்போது மரை திருகு கழற்ற வழக்கத்துக்கு மாறாகக் கடினமாக இருக்கும். அப்படி இருந்தால் பெரிய ஸ்பேனர் தேடாதீர்கள். உள்ளே காற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எச்சரிக்கையின் அளவு புரிய இன்னொரு கணக்கு. 200 மில்லி கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் காற்று இருந்தால், அது திடீரென விரியும்போது வெளிவரக்கூடிய ஆற்றல் 7,000 ஜூலுக்கும் மேல். பத்து மீட்டர் ரைபிளின் ஒரு குண்டு ஏறக்குறைய 7.5 ஜூல் ஆற்றலோடு செல்கிறது. ஓர் அடி நீளமுள்ள அந்தக் குழாயில் சுமார் ஆயிரம் குண்டுகளின் ஆற்றல் ஒரே நேரத்தில் அடைபட்டிருக்கிறது.

நிரப்பும்போது ‘டப்’ என்ற சத்தம், கருகிய வாடை, கறுப்பு மசி

இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் வேறு பரிசோதனை கிடையாது. உடனே நிறுத்த வேண்டும். இன்னொரு முறை பம்ப் அடித்துப் பார்ப்பது, கொஞ்சம் கிரீஸ் வைத்துப் பார்ப்பது, காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மட்டும் மாற்றுவது என எதுவும் கூடாது. காற்றுப் பக்கத்தில் எங்கோ எரியக்கூடிய பொருள் இருந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி எரிந்துவிட்டது. மீதி இன்னும் உள்ளே இருக்கலாம்.

ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கைப்பம்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது என்று, வீட்டில் அம்மா பயன்படுத்தும் தையல் மிஷின் எண்ணெயைக் காற்று உள்ளிழுக்கும் துளை வழியாக நாலைந்து சொட்டு விட்டிருக்கிறார். முதல் நாள் பம்பு வெண்ணெய் போல இறங்கியது. மூன்றாம் நாள் 150 பாரைத் தாண்டும்போது உள்ளே ஒரு சின்ன வெடிச் சத்தம் கேட்டது. அத்தோடு அழுத்தம் ஏறவில்லை. பிரித்துப் பார்த்தபோது மூன்றாம் நிலைப் பிஸ்டனின் ஓ-ரிங் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் பளபளப்பான கறுப்பு ரப்பராகவும், மறுபக்கம் விரலில் ஒட்டும் சாம்பலாகவும் இருந்தது. சுண்டுவிரல் நகத்தால் தொட்டதும் எரிந்த பகுதி உமிச் சாம்பல் போல உதிர்ந்தது. பக்கத்துச் சுவரில் நீலம் பாய்ந்த ஒரு தழும்பு. எஃகில் அந்த நிறம் வர ஏறக்குறைய 300 டிகிரி வெப்பம் வேண்டும்.

அந்த மாணவர் கேட்ட கேள்வி நியாயமானது: “எண்ணெய் ரப்பரை ஒன்றும் செய்யவில்லையே, சார்? முதல் நாள் நன்றாகத்தானே இருந்தது?” அந்த ஓ-ரிங்கின் நைட்ரைல் ரப்பரை மினரல் எண்ணெய் (பெட்ரோலிய எண்ணெய்) உண்மையிலேயே கெடுப்பதில்லை, அந்த ரப்பரின் சிறப்பே எண்ணெயைத் தாங்குவதுதான். அதனால்தான் இந்தத் தவறு ஏமாற்றுகிறது. மூன்று நிலைப் பம்பில் ஒவ்வொரு நிலையும் காற்றை ஏறக்குறைய ஆறு மடங்குதான் அமுக்குகிறது. ஆனால் அந்த ஆறு மடங்குக்கே கணக்குப்படி வெப்பம் 200 டிகிரியைத் தாண்டுகிறது. பம்பை இடைவிடாமல் அடிக்கும்போது உலோகம் ஆறுவதற்கு நேரமில்லை. அடுத்த நிலைக்குப் போகும் காற்று ஏற்கெனவே சூடாகவே போகிறது. மினரல் எண்ணெய் தானாகத் தீப்பற்றும் வெப்பமும் அழுத்தம் கூடக்கூடக் குறைகிறது. ஏறும் வெப்பமும் இறங்கும் தீப்பற்று வெப்பமும் ஒன்றையொன்று தொடும் நாள் மூன்றாவதா முப்பதாவதா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் துப்பாக்கிகளில், குப்பியின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அங்கே அது சரி. அந்த வாயு எரிவதற்குத் துணைபோகாது. 20 டிகிரியில் அதன் அழுத்தமும் சுமார் 57 பார்தான். ஸ்பிரிங் துப்பாக்கியில் பழகியவர்களும் அவ்வப்போது எண்ணெய் விட்டே பழகியவர்கள். அதிலும் காற்றமுக்கும் அறைக்குள் எண்ணெய் போனால் புகையோடு வெடிக்கும் என்பது வேறு விஷயம். இந்த இரண்டு பழக்கங்களில் எதையும் பிசிபிக்குக் கொண்டுவரக் கூடாது.

சரிசெய்யும் முறை இது. காற்றை முழுவதும் இறக்கி, பம்பையோ நிரப்பும் தொகுதியையோ முழுமையாகப் பிரிக்க வேண்டும். எல்லா ஓ-ரிங்குகளையும், பிளாஸ்டிக் வால்வு இருக்கைகளையும் (வால்வு பதிந்து மூடும் இடங்கள்) தூக்கி எறிய வேண்டும்; பார்க்க நன்றாக இருப்பதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. உலோகப் பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு கழுவி, பிறகு நார் உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் மஞ்சளோ கறுப்போ வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ஆல்கஹாலும் எரியும் பொருள் என்பதால், பாகங்களைக் காற்றோட்டமான இடத்தில் பல மணி நேரம் உலரவிட்ட பிறகே கோக்க வேண்டும். நீலம் பாய்ந்த, குழி விழுந்த, கீறல் தெரிகிற உலோகப் பாகத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. எரிந்தது துப்பாக்கியின் சிலிண்டருக்குள் என்றால், அதைக் கழுவி மீட்கப் பார்க்காமல் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு அனுப்புங்கள். அலுமினியச் சிலிண்டர் சூடு பட்டால் வலிமையை இழக்கிறது. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

கடையில் ‘சிலிக்கான்’ என்று கேட்டு வாங்கியது எது?

இது அறிகுறி அல்ல. ஆனால் பல அறிகுறிகளுக்குக் காரணம். காற்றுப் பக்கத்து ஓ-ரிங்குகளுக்கு வேண்டியது எண்ணெய்க் கலப்பில்லாத சிலிக்கோன் கிரீஸ். டைவிங் உபகரணங்களின் ஓ-ரிங்குகளுக்கென்று விற்கப்படும் மோலிகோட் 111 வகைக் கிரீஸ் இதற்குப் பொருத்தமானது. ஹார்டுவேர் கடையில் வெறுமனே சிலிக்கான் என்று கேட்டால், குளியலறை ஓரங்களை அடைக்கும் சீலன்ட் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால், டிரான்சிஸ்டருக்கு அடியில் தடவும் வெள்ளைப் பசை கிடைக்கும். அதில் கலந்திருக்கும் நுண்ணிய துத்தநாக ஆக்சைடு போன்ற தூள் ஓ-ரிங்கை மெல்ல அரைத்துவிடும். சிலிக்கோன் ஸ்பிரே டப்பாவும் வேண்டாம். அதில் சிலிக்கோனைச் சுமந்துவரும் கரைப்பானும், தள்ளிவிடும் வாயுவும் பெரும்பாலும் பெட்ரோலியத்தைச் சேர்ந்தவையே.

சிலிக்கோன் எரியவே எரியாது என்று சிலர் நம்புகிறார்கள், அதுவும் சரியல்ல. மினரல் எண்ணெயைவிட மிக அதிக வெப்பத்தில்தான் அது பற்றும், அவ்வளவே. அதனால்தான் அதையும் குறைவாக வைக்க வேண்டும். ஓ-ரிங்கை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து, கடுகளவு கிரீஸைச் சுற்றிலும் உருட்டித் தடவினால், ரப்பர் ஈரமாக மின்ன வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் தெரியக் கூடாது. திட்டுத் தெரிந்தால் துடைத்து எடுங்கள். இன்னும் பாதுகாப்பானது பெர்ஃப்ளூரோ பாலிஈதர் வகைக் கிரீஸ். ஆக்சிஜன் குழாய்களுக்கே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். விலை பல மடங்கு என்பதால் கிளப்புகளில் அரிதாகவே பார்க்க முடிகிறது. சிலிக்கோன் ரப்பரால் ஆன ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அது ஊறிப் பருத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ஹேமர் போன்ற இடங்களில் சிலிக்கோன் பயன்படாது. அது அங்கே தாக்குப்பிடிக்காமல் விலகிவிடும்.

இரவில் 200, காலையில் 190

முதலில் ஒழுகல் என்று முடிவு செய்யாதீர்கள். இப்போதுதான் நிரப்பிய சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். 45 டிகிரியில் 200 பார் காட்டிய காற்று 30 டிகிரிக்கு ஆறும்போது, ஒரு குமிழி கூட ஒழுகாமலே, ஏறக்குறைய 190 பாருக்கு இறங்கும். நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து வரும் அளவைக் குறித்துவைத்து, அதே அறையில், அதே நேரத்தில் மறுநாள் பார்க்க வேண்டும். இரண்டு நாள் அதே அளவு நின்றால் பழுது இல்லை. மறுநாளும் மூன்றாம் நாளும் தொடர்ந்து இறங்கினால் மட்டுமே ஒழுகல்.

ஒழுகும் இடத்தைத் தேடுவதில் ஒரு வரிசை இருந்தால் நேரம் மிச்சமாகும். சிலிண்டரைக் கழற்றி ஒரு நாள் தனியாக வையுங்கள். அழுத்தம் இறங்கினால் பழுது சிலிண்டரின் வால்விலோ அதன் கேஜிலோ இருக்கிறது. இறங்கவில்லை என்றால் துப்பாக்கியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். பிறகு சந்தேகப்படும் இணைப்பில் சோப்பு நுரையை மெல்லிய தூரிகையால் தொட்டு வையுங்கள். மெதுவான ஒழுகலில் குமிழி வர ஐந்து நிமிடம்கூட ஆகலாம், பொறுமையாகப் பாருங்கள். துப்பாக்கியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் சோப்பை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். சோப்பு காய்ந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கும்.

குமிழி கேஜின் அடியில் வந்தால், அங்கே உள்ள செம்பு அல்லது ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும். ஓ-ரிங் வைத்து அடைபடும் மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போனால், அது போய் உட்காரும் இடம் வால்வு இருக்கையாகத்தான் இருக்கும். அப்போது ஓர் ஒழுகல் இரண்டாகிவிடும்.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கிகளின் உடலில் ஊசி முனையளவு துளை ஒன்று இருக்கும். ரெகுலேட்டர் பிஸ்டனின் பின்புறம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து குமிழி வந்தால் ரெகுலேட்டரின் ஓ-ரிங் கெட்டுவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எபாக்ஸிப் பசை வைத்து அடைத்திருந்ததை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். அடைத்தால் ஒழுகல் நின்றது போலத் தோன்றும். ஆனால் காற்று தங்க வேண்டாத அறையில் அழுத்தம் சேரும். ரெகுலேட்டர் தன் கணக்கை இழக்கும். பிறகு பிரிப்பவரின் கையில் அந்த அழுத்தம் விடுபடும். அந்தத் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

பேரல் முனையில் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சீறல்

பேரல் முனைக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கேட்கக் கூடாது. பெல்லட் இல்லை என்று உறுதி செய்த பின், முனையில் ஒரு சிறு பலூனைப் பக்கவாட்டில் இருந்து மாட்டிவிட்டு விலகி நின்றால், பத்து நிமிடத்தில் அது எழுந்து நிற்பதே சாட்சி. காரணம் பெரும்பாலும் வால்வு இருக்கையில் சிக்கிய தூசி. பாதுகாப்பான திசையில் பெல்லட் இல்லாமல் நாலைந்து முறை காற்றோடு சுட்டால், பாயும் காற்றே அதை அடித்துச் சென்றுவிடக் கூடும். நிற்கவில்லை என்றால் வால்வு இருக்கையில் கீறல் இருக்கிறது. அது சேவை மைய வேலை. நிரப்பும் வாயில் எண்ணெய் விட்டால் வால்வு பதியும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். அப்படி விட்ட எண்ணெய் அடுத்த முறை நிரப்பும்போது முதல் ஆளாகச் சூடாகும் இடத்தில் காத்திருக்கும்.

ஓ-ரிங்கை வெளியே எடுத்தபோது அதன் முகம் சொல்வது

எடுத்த ஓ-ரிங்கைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் எலி கொறித்தது போல இருந்தால், ரப்பர் மிருதுவானது அல்லது இடைவெளி பெரிதாகிவிட்டது. அழுத்தம் அதை இடுக்கில் பிதுக்கித் தின்றிருக்கிறது. 70 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் காட்டும் அளவு) கடினத்துக்குப் பதிலாக 90 ஷோர் வேண்டிய இடமாக இருக்கலாம். கேட்கும்போது அளவை மட்டும் சொல்லாமல் கடினத்தையும் சொல்லுங்கள். உடலெங்கும் சிறு கொப்புளங்களும் உட்பிளவுகளும் இருந்தால், சிலிண்டரின் காற்றை யாரோ சட்டென்று இறக்கியிருக்கிறார்கள். உயர் அழுத்தத்தில் ரப்பருக்குள் ஊறிய காற்று, வெளி அழுத்தம் திடீரெனப் போனதும் உள்ளிருந்தே வெடித்து வெளியேறும். காற்றை நிமிடக்கணக்கில் மெதுவாக இறக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் வெட்டுப்பட்டிருந்தால், கோக்கும்போது மரை அறுத்திருக்கிறது. மரையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மீது வழுக்கிக் கொண்டுபோனால் இது நேராது.

பிசுபிசுவென்று ஒட்டி, கிள்ளினால் உதிரும் வெளிர் நிற ஓ-ரிங்குகளைக் கடலோர ஊர்களில் அடிக்கடி பார்க்கலாம். பாலியூரித்தேன் ரப்பரில் ஒரு வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் தானாகவே சிதைகிறது. அழுத்தத்தை அருமையாகத் தாங்கும் ரப்பர் அது. ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் பையில் நீண்ட நாள் கிடந்த உதிரி ஓ-ரிங்கைப் பார்க்காமல் போடக் கூடாது.

பம்பின் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது, அல்லது அழுத்தமே ஏறவில்லை

கீழே அழுத்திய கைப்பிடியை விட்டவுடன் அது விசையோடு மேலே வந்தால், வெளியேறும் வழியில் உள்ள ஒருவழி வால்வு மூடவில்லை. துப்பாக்கிக்குப் போக வேண்டிய அழுத்தம் திரும்பி வருகிறது. கைப்பிடிக்கு மேல் முகத்தைக் குனிந்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தாடையில் அடிபட இது போதும். காற்றை இறக்கி, அந்த வால்வில் தூசியோ கெட்ட ஓ-ரிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மாறாக, கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் மேலும் கீழும் ஓடி, கேஜ் அசையவில்லை என்றால், பழுது முதல் நிலையின் பெரிய ஓ-ரிங்கிலோ உள்ளிழுக்கும் வால்விலோ இருக்கும். காற்றிறக்கும் திருகு சரியாக மூடியிருக்கிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

பம்பு சூடேறிவிட்டால் அழுத்தம் ஏறுவதும் குறையும், ஓ-ரிங்கும் தேயும். கீழ்ப்பகுதியைத் தொட்டுக் கை வைக்க முடியாத சூடு என்றால், பதினைந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். ஆற வைப்பதற்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காற்றோடு தண்ணீர் வருகிறது, உள்ளே துரு தெரிகிறது

ஈரமான ஊரில் இது பழுதே அல்ல, இயற்கை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், 200 மில்லி சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்றில் ஏறக்குறைய ஒரு கிராம் நீராவி இருக்கிறது. அமுக்கும்போது அது அநேகமாக முழுவதும் தண்ணீராகிறது. ஒரு முறைக்கு ஒரு கிராம். வாரம் இரண்டு முறை நிரப்பினால் வருடத்துக்கு நூறு கிராம். பம்பின் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும், அவ்வப்போது காற்றிறக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதும் இதில் பெரும்பகுதியைத் தடுக்கும். நீல நிறச் சிலிக்கா மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும், அல்லது அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

உள்ளே துரு வராமல் இருக்க எண்ணெய் பூசி வைப்பது, எண்ணெய் விடக் கூடாத இடத்தில் எண்ணெய் விடுவதற்கு மரியாதையான பெயர் வைப்பதுதான். தண்ணீருக்கு மருந்து உலர்ந்த காற்று. வசதி இருந்தால், ஈரம் நீக்கிய மூச்சுக்காற்று நிரப்பிய டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புவதே துப்பாக்கிக்கு நல்லது. அப்படி நிரப்பும்போது வால்வை முடி அளவுக்குத் திறந்து, கேஜ் முள் நகர்வது கண்ணுக்கு நிதானமாகத் தெரியும்படி ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று திறந்தால், கேஜுக்குப் போகும் முட்டுச்சந்துக் குழாயில்தான் வெப்பம் முதலில் உச்சத்தைத் தொடும். 300 பார் சிலிண்டரிலிருந்து 200 பார் துப்பாக்கியை நிரப்புபவர் கேஜிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவு) காட்டும் கேஜ் என்றால், 200 பார் என்பது 2,900.

ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. வெல்டிங் பட்டறையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றில் 42 பாராக இருந்த ஆக்சிஜன் அங்கே 200 பாராக இருக்கும். சிலிக்கோன் கிரீஸும், ஓ-ரிங்கும், அலுமினியமும் கூட எரிபொருளாகிவிடும்.

கம்ப்ரஸரின் காற்றில் எண்ணெய் வாடை

வெளிவரும் காற்றை ஒரு வெள்ளைத் தாளின் மீது மிகக் குறைந்த அளவில், கைக்குத் தூரமாகப் பிடித்து ஊதவிட்டுப் பாருங்கள். மஞ்சள் புள்ளி விழுந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது வடிகட்டி நிறைந்துவிட்டது. அதுவரை நிரப்பிய எல்லாச் சிலிண்டர்களும் சந்தேகத்துக்குரியவை. வடிகட்டியின் பஞ்சும் கரித்தூளும் தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்கில் மாற்றப்பட வேண்டும். கறுத்த பிறகு மாற்றுவது தாமதம். கிராங்க் பகுதியில் ஊற்றும் எண்ணெய், உயர் அழுத்த மூச்சுக்காற்றுக் கம்ப்ரஸருக்கென்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட செயற்கை எண்ணெயாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்ஜின் ஆயில் கூடாது. பார்க்கும் கண்ணாடியில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வடித்து மாற்றுங்கள்.

நிரம்பிய துப்பாக்கியில் குண்டு மெதுவாகப் போகிறது, அல்லது முதல் குண்டு மட்டும் விலகுகிறது

ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியை அளவுக்கு மேல் நிரப்பினால், உள்ளழுத்தம் வால்வை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேமரால் அதைத் திறக்க முடியாது. துப்பாக்கி ‘டக்’ என்று மட்டும் சொல்லும். எண்ணெய் போதாமல் இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெல்லட் பேரல் நடுவிலேயே நின்றிருக்கலாம் என்று எண்ணிக் கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன வழியில் காற்றை இறக்கி, பேரலைச் சோதித்த பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள்.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியில், ஓய்வுக்குப் பிறகு சுடும் முதல் குண்டு மட்டும் வேறு வேகத்தில் போய், அடுத்தவை ஒழுங்காக விழுந்தால், ரெகுலேட்டர் இருக்கை மெதுவாக ஒழுகுகிறது. அறையின் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டி ஊர்ந்து ஏறுகிறது. ரெகுலேட்டரைப் பிரித்து வட்டு ஸ்பிரிங்குகளை வரிசை மாறாமல் அடுக்குவது பழகிய கையின் வேலை. சுடுபவர் செய்ய வேண்டியது, அந்த முதல் குண்டின் நடத்தையைத் தேதியோடு குறித்துவைத்துப் பழுதுபார்ப்பவரிடம் தருவது.

போல்ட் இறுக்கம், ஹேமர் உரசல்

இது வெளிப்பக்கம். பழைய எண்ணெயைத் துடைத்து, ஹேமரில் மாலிப்டினம் டைசல்ஃபைடு தூளை உலர்வாகத் தேய்த்து மினுக்கினால் போதும். டிரிகரில் தயாரிப்பாளர் சொல்லாத இடத்தைத் தொடாதீர்கள். போல்ட்டின் முன்முனையில் உள்ள ஓ-ரிங் காற்றுப் பக்கம் என்பதால் அங்கே சிலிக்கோன் மட்டும். கையில் துப்பாக்கி எண்ணெய் பட்டிருந்தால், ஓ-ரிங்கைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்த் துணியும் சிலிக்கோன் டப்பாவும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் விதி.

சிலிண்டரில் பள்ளம், கீறல், அல்லது கடந்துபோன தேதி

சிலிண்டரின் உடலில் வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். போட்டி ரைபிள்களின் சிறிய சிலிண்டர்களுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு ஆயுள் தருகிறார்கள். சிலிண்டர் காலாவதியாகாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதிகளும் சொல்கின்றன. கருவிச் சோதனையில் கேட்கவும் செய்வார்கள். பெரிய நிரப்புச் சிலிண்டர்களுக்கு, உரிமம் பெற்ற நிலையத்தில் காலமுறை நீரழுத்தச் சோதனை நடந்த தேதி தோள்பட்டையில் அடித்திருக்க வேண்டும். நகத்தில் தட்டும் ஆழமுள்ள கீறல், பள்ளம், மரையில் வெண்பொடி, பெயின்ட் கருகிய இடம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தேதி எதுவாயினும் நிரப்பக் கூடாது. பெயின்ட் அடித்து மறைப்பதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

காலாவதியான சிறிய சிலிண்டரை அப்படியே பெட்டியில் போட்டுவைத்தால், ஒரு நாள் வேறு யாராவது மலிவாகக் கிடைத்தது என்று எடுத்து நிரப்புவார்கள். காற்றை முழுவதும் இறக்குங்கள். வால்வைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு இரும்பு ரம்பத்தால் மரைப் பகுதியைக் குறுக்கே பாதி வரை அறுத்துவிடுங்கள். அந்த வெட்டைக் கண்ட பிறகு அதை யாரும் நிரப்பப் போவதில்லை. பழைய உலோகக் கடையில் நிம்மதியாகப் போடலாம்.